விமர்சகர் வீட்டுச் சாப்பாடு

மார்ச் 4, செவ்வாய்

ஒத்திகை முடிந்து வந்தால் கதவடியில் அக்காவின் கடிதம். பதினேழாம் தேதி இடுப்பு அறுவை சிகிச்சையாம். மகளுக்கு எட்டாம் மாதம்; வெளிநாட்டிலிருந்து விமானம் ஏற முடியாது. "பத்து நாள் வந்து என்னோடு இருக்கிறாயா? ஆபரேஷனுக்குப் பயமில்லை. அதற்கப்புறம் அவர் சமைக்கப்போவதை நினைத்தால்தான்."

கூடப் பிறந்த அக்கா இல்லை. இருபத்திரண்டு வருஷம் முன்பு அவள் வீட்டுக்காரர், நாடக விமர்சகர், என்னைப் பற்றி முதன்முதலாக எழுதினார்: "குரல் மேடைக்கு வந்துவிட்டது; ஆள் இன்னும் வழியில் இருக்கிறார்." கொதித்துப்போய் மூன்று பக்கம் திட்டி அவர் வீட்டு விலாசத்துக்கே போட்டேன். பதில் எழுதியது அவள். "அவர் ஊரில் இல்லை. நான் படித்தேன். நீ சொல்வதில் பாதி நியாயம், அவர் சொன்னதிலும் பாதி. சாப்பிட்டாயா?"

அன்று ஆரம்பித்த கடிதப் போக்குவரத்து. பிறகு மகளும் சேர்ந்துகொண்டாள். நான் அவளுக்குச் சித்தி. அப்பாவுக்கு அவள் வைத்த பெயர் நீதிபதி. அவர் மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வீட்டுப் படியை நானும் ஏறியதில்லை.

மார்ச் 5

கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் இயக்குநர் குதித்தார். "அவர் வீட்ல கை நனைச்சவங்களப் பத்தி அவர் எழுத மாட்டார்னு ஊருக்கே தெரியும். அவர் ஒரு பத்தி எழுதினா மூணு வாரம் அரங்கு நிறையும். உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

வர முடியாது என்று எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

வழக்கில் தோற்றும் நீதிமன்ற வாசலை விட்டு நகராத தையல்காரி — ஐம்பத்தோரு வயதில் இப்படி ஒரு வேஷம் இனி யார் தருவார்கள்? இதைப் பற்றி அவர் எழுத வேண்டும். ஆள் வந்து சேர்ந்துவிட்டாள் என்று எழுத வேண்டும். இதுதானே இத்தனை வருஷ ஆசை?

ஆனால் அம்மா போனபோது மூன்று வாரம், தினம் ஒரு கடிதம் போட்டவள் அவள்.

போகிறேன். இரண்டாவது கடிதத்தையும் கிழித்தாயிற்று.

மார்ச் 21

அக்கா நேற்றுதான் வீடு திரும்பினாள். அவளை முந்திக்கொண்டு நான் வந்து நின்றேன். அவர்தான் கதவைத் திறந்து "வாங்க" என்றார், தபால்காரரிடம் சொல்வதுபோல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க. நீங்க சாப்பாட்ட மட்டும் வெளியில வச்சுக்கிட்டா, நாடகத்தப் பத்தி எழுத எனக்குத் தடையிருக்காது."

எப்படிக் கேட்பது என்று பேருந்து முழுக்க நான் யோசித்து வந்ததும் அதுவேதான். சரி என்றேன். சொல்லி முடித்ததும் ஏனோ கூசிற்று.

சமைப்பது நான். சாப்பிடுவது தெருமுனை ஹோட்டலில். ஒத்திகைக்குப் போகும் வழியில் முடித்துக்கொள்கிறேன். அக்காவிடம், "அடுப்படியிலயே சாப்பிட்டுட்டேன்." நம்புகிறாள். நடிகைதானே நான்.

மார்ச் 23, ஞாயிறு

மத்தியானம் அக்கா ஒரு வாய் வைத்தாள். கையை எடுத்துவிட்டாள்.

"உப்பே போடலையேடி."

ஐயோ என்றேன்.

"சமைச்சவ நாக்குல வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே. நீ இங்க சாப்பிடறதே இல்லையா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவங்க நல்லதுக்குத்தான். அந்த வேஷத்தப் பத்தி ஒழுங்கா யாராவது எழுதணுமில்ல—"

"இடுப்பு நெருப்பா எரியுது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால பேசி வச்சுக்கிட்டு…" அழுதுவிட்டாள். இருபத்திரண்டு வருஷக் கடிதங்களில் ஒரு இடத்திலும் அவள் அழுததில்லை.

நான் அசையவில்லை. இதை எழுதத்தான் வேண்டும்: அப்போதும் நாடகத்தைத்தான் நினைத்தேன். ச்சீ.

எழுந்தது அவர். ஒரு தட்டை எடுத்து, ஈரம் துடைத்து, சோறு போட்டு என் முன்னால் வைத்தார்.

"உக்காருங்க. உப்பில்லாத சோறு கணக்குல வராதுன்னு வாதாடலாம்தான். வேண்டாம்." உப்பு டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போடுங்க அவளுக்கு" என்றாள்.

மார்ச் 24

இன்று உப்பு கூடிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மார்ச் 30

வீடு திரும்பினேன். சாப்பிடும்போது நீதிபதி பேசவே மாட்டார் என்று மகள் எழுதியதெல்லாம் பச்சைப் பொய். அவர் பேச ஆரம்பித்தால் தட்டில் கை காய்ந்துவிடும்.

மே 2, வெள்ளி

முதல் காட்சி. அக்கா கைத்தடியோடு வந்தாள். பக்கத்தில் அவர், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில். கையில் குறிப்பேடு இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மே 6

பத்திரிகை வேறொருவரை அனுப்பியிருந்தது. ஒன்பது வரி. அதில் இரண்டு, திரைச்சீலையைப் பற்றி. இயக்குநர் என்னோடு பேசுவதில்லை.

மே 14

பாதி நாற்காலிகள் காலி. ஞாயிறோடு நிறுத்துகிறார்கள். முகப்பூச்சைக் கலைக்காமல் வெகுநேரம் அழுதேன். அக்கா வீட்டுக்குப் போனதற்கு வருத்தமா? இல்லை. வலிக்கவில்லையா என்றால் — வலிக்கிறது.

மே 19

அறியாத கையெழுத்தில் ஒரு உறை. அவர்!

"இது அச்சுக்கு அல்ல. தீர்ப்பு வாசிக்கும்போது நீங்கள் எழுந்தது அரை நொடி சீக்கிரம். மற்றபடி, எழுத முடியாமல் போயிற்றே என்று நான் வருந்திய ஒரே நாடகம் இது. இவளுக்கு இப்போது மாடிப்படி ஏற வருகிறது."

நாலு தடவை படித்தேன். அரை நொடியாமே!

ஜூன் 8, ஞாயிறு

மகள் குழந்தையின் படம் அனுப்பியிருக்கிறாள். பின்பக்கம்: "சித்தி, உங்க கடுதாசிய இப்பல்லாம் நீதிபதியே முதல்ல பிரிச்சிடறாராம். அம்மா என்கிட்ட புகார் சொல்றாங்க."

இன்று ஆறு பக்கம் எழுதினேன். ஒன்று குழந்தைக்கு. ஒன்று அக்காவின் நடைக்கு. மீதி நாலும் சண்டை. நான் எழுந்தது சீக்கிரமே இல்லை. தீர்ப்பு என்னவென்று அந்தத் தையல்காரிக்கு முன்பே தெரியும்.

'மதிப்புக்குரிய ஐயா' என்று ஆரம்பித்து அடித்தேன். அக்காவின் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒருவர் சொல்லித் தர வேண்டுமா? 'அத்தான்' என்று போட்டேன்.

பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தேன். வியாழனுக்குள் பதில் வந்துவிடும். சும்மா விடுகிற ஆள் இல்லை.