அலிப் இருந்த இடத்தில் வாவ்

இன்று காலை பள்ளிவாசல் கிணற்றடியில் நந்தியாவட்டை பூத்துக் கிடந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் வெள்ளைப் பூ. எனக்கு அப்படியில்லை. வீங்கிய உன் கண்களில் அந்தப் பூவை வைத்து, மேலே ஈரத்துணி கட்டி, உன்னை வீட்டு நடையில் உட்கார வைத்திருந்த நாள் ஞாபகம் வந்துவிடும். நீ மண்ணுக்குள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பதினைந்து வருஷமாக உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல வீரன்தான் நான்.

நாம் இருவரும் மீசை முளைத்த பிறகு அரபி இலக்கணம் படிக்கக் கிளம்பியவர்கள். ஓதத் தெரிகிறது, பொருள் தெரியவில்லையே என்ற வெட்கம் உனக்கு. நீ கிளம்பினாய் என்பதற்காக நானும் வந்தேன். தென்காசியில் ஓர் ஆலிமிடம் பாடம் கேட்போம். சாரல் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் குற்றாலத்துக்கு நடப்போம். வழி நெடுக வேற்றுமைதான்.

தமிழில் ஓர் 'ஐ' ஒட்டினால் அடி வாங்கியவன் யாரென்று தெரிந்துவிடும். அரபியில் அதைச் சொல்வது சொல்லின் கடைசி ஒலி. 'உ' என்றால் செய்தவன், 'அ' என்றால் பட்டவன். கடிதங்களில் அந்த ஒலிக்கான குறிகளை யாரும் போடுவதில்லை, வாசிக்கிறவன்தான் அறிந்து ஒலிக்க வேண்டும். எனக்கு அது பிடிபடவே இல்லை. கடைசி ஒலியை விழுங்கிவிட்டு நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொள்வேன். உடனே என் முழங்காலில் பட்டென்று ஒரு அடி விழும். பேரருவிக்கு எதிரே பாறையில் உட்கார்ந்திருந்தாலும் விடமாட்டாய்.

“ஏலே மச்சான், அருவிச் சத்தத்துல முழுங்கிரலாம்னு பாக்கியா? எனக்கு கேக்கும்லே.”

எனக்குச் சுலபமாக இருந்தவை இரண்டே. மூசா போன்ற பெயர்கள் எந்த வேற்றுமையிலும் மாறாமல் அப்படியே நிற்கும். சகோதரன், தகப்பன் போன்ற சில சொற்களில் அந்தக் கடைசி ஒலி எழுத்தாகவே தெரியும். செய்தவன் என்றால் வாவ் என்ற எழுத்தைப் போட்டு அகூ, அபூ. பட்டவன் என்றால் நேர்கோடு போன்ற அலிப் எழுத்தைப் போட்டு அகா, அபா. இரண்டு சொல்லும் ஒரே ஆளைக் குறித்தால் இரண்டும் ஒன்றுபோலவே வர வேண்டும். “இதுலயாவது தப்பு விடாதலே, கண்ணு முன்னால நிக்குது பாரு” என்பாய்.

என் அண்ணன் மூசாவும் உன் அண்ணனும் பஸ்ரா துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். யுத்தமெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை ஆமினா, இரண்டு வயது கதீஜாவோடு உன் வீட்டில் இருந்தாள். அங்கிருந்து ஊர் திரும்பிய ஒருவன், இருவருக்கும் சண்டை, கத்திக்குத்து என்று சொல்லிவிட்டுப் போனான். யார் யாரைக் குத்தியது என்று அவனுக்குத் தெரியவில்லை. உன் உம்மா அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

“அந்த மூசா எம் மவன் மேல கத்தி வச்சிருந்தான்னா, அவன் தங்கச்சி இங்கன இருக்கப்படாது. பிள்ளைய விட்டுட்டு அவ மட்டும் போட்டும்.”

பிறகுதான் பஸ்ராவில் யாரோ ஒரு எழுத்தர் அரபியில் எழுதிய கடிதம் உன் பெயருக்கு வந்தது. உனக்கோ கண் திறக்க முடியாத நோய். வாசிக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள்.

பிரித்ததும் 'ஜரஹ', காயப்படுத்தினார், என்று தொடங்கும் அந்த வரி கண்ணில் பட்டது. மூசா உன் சகோதரனை, கதீஜாவின் தகப்பனை, காயப்படுத்திவிட்டார். இப்போது இருவரும் சுகம். 'அகாக' என்றால் உன் சகோதரனை; அதிலும் 'அபா'விலுமாக இரண்டு சொல்லிலும் அலிப் நிமிர்ந்து நின்றது. கதவோரம் ஆமினா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். மூசா என்ற பெயர் மாறாது. அலிபை வாவாக வாசித்தால் போதும், கத்தி உன் அண்ணன் கைக்குப் போய்விடும். 'அகூக' என்று வாசித்தேன். அடுத்த சொல்லில் நாக்கு என்னை மீறிவிட்டது. அடித்து அடித்து நீ பழக்கிய நாக்கு, எழுதியிருந்தபடியே 'அபா கதீஜா' என்றது. தன் பெயரைக் கேட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

உன் கை என் முழங்காலை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது.

“என்னலே போட்டிருக்கு? வாயில கொழுக்கட்டையா?” என்றாள் உன் உம்மா.

“இரும்மா” என்றாய். “மச்சான், அந்த வரிய இன்னொரு வாட்டி வாசி.”

அந்த வீட்டில் அரபி தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். இரண்டில் ஏதாவது ஒரு சொல்லை நான் திருத்தியாக வேண்டும். முதலாவதைத் திருத்தினால் உண்மை, இரண்டாவதைத் திருத்தினால் முழுப் பொய். ஆமினா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அகூக... அபூ கதீஜா.”

பிறகு கட்டிய கண்களோடு உம்மா பக்கம் திரும்பினாய். “நம்ம அண்ணன்தாம்மா மூசாவக் குத்திருக்கான். இப்போ ரெண்டு பேரும் சுகமா இருக்காங்களாம்.”

பாதியில் நின்ற கையை உன் மடியில் இறக்கிக்கொண்டாய்.

மறுநாள் உன் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, “எம் மவன மன்னிச்சிருங்க மைனி” என்று என் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்று என்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

உன் அண்ணன் இரண்டு வருஷம் கழித்துத் தோளில் தழும்போடு வந்தார். பழசைக் கிளற விரும்பாமல் இரும்புக் கம்பி கிழித்தது என்றார், உன் உம்மா நம்பினாள். உனக்குக் கண் பத்தே நாளில் குணமாகிவிட்டது. ஆனால் உன் பெயருக்கு வந்த அந்தக் கடிதத்தை நீ என்னிடம் கேட்கவே இல்லை. பாடத்துக்குப் போனோம், குற்றாலத்துக்கும் நடந்தோம். நான் பழையபடி விழுங்கினேன். முழங்காலில் அடி மட்டும் விழவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“தப்பா வாசிச்சேனே மச்சான், காதுல விழலையா?”

“விழுந்துச்சு” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு நீ என்னை ஒரு சொல்லில்கூடத் திருத்தவில்லை.

கதீஜாவுக்கு வருகிற மாதம் நிக்காஹ். ஆமினா உன் வீட்டிலேயே இருந்து வளர்த்த பிள்ளை. அதற்காக அந்தப் பொய்யை நான் இன்னொரு முறையும் சொல்வேன். உன்னிடம் மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ கேட்கட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று நீயும் பதினைந்து சாரலைக் கழித்துவிட்டோம்.

கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது, அந்த வரி கிழியவில்லை. முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, எதையும் விழுங்காமல், எழுதியிருக்கிறபடி வாசிக்கிறேன். கேட்டுக்கொள்.

ஜரஹ மூசா அகாக அபா கதீஜா.

அலிப்தான் மச்சான். இரண்டு இடத்திலும் அலிப்தான்.