பெட்டிக்கு முன்னால் அம்மா

உரும்பிராய் கிழக்கு,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள தம்பி செந்தூரனுக்கு,

உன்னையும் நிவேதனாவையும் பிள்ளையையும் கருணாகரப் பிள்ளையார் காக்க வேண்டும். அக்கா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அந்தக் கணமே அம்மாவுக்கு எடுப்பாய். உன்னோடு படித்த ஜெயசுதன் தன் தாயின் திவசத்துக்கு வந்து நிற்கிறான். வியாழக்கிழமை சூரிச்சுக்குத் திரும்புகிறான். இதை உன் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். பாதி வாசித்துவிட்டு எங்களுக்குப் போன் எடுக்காதே. முழுவதையும் வாசி. மனம் ஆறிய பிறகு எடு.

போன மாதம் அம்மாவின் காலைப் பற்றி உனக்கு ஒரு செய்தி போட்டேன் அல்லவா? நீ உடனே எடுத்திருக்கிறாய். நான் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு நின்றேன். அம்மாதான் ரப்பில், அந்தப் பெரிய திரைப் போனில், உன்னோடு கதைத்திருக்கிறா. காலைக் காட்டுங்கோ என்று நீ கேட்க, அவ வலது காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறா. புண் இருப்பது இடது காலில். அன்று பின்னேரம் நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவில், "அக்கா, நீங்கள் சும்மா கனக்க யோசிக்கிறியள். அம்மான்ரை கால் என்ரை காலை விட வடிவாய் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். அதைக் கேட்டு அம்மாவும் சிரித்தா. பள்ளிக்கூடத்தில் கள்ள வேலை செய்து பிடிபடாத பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. அவ அப்படிச் சிரித்துக் கனகாலம். அதனால் அந்த நேரம் நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்காமல் இருக்க முடியாது.

முதலில் இன்ரநெற் பெட்டி வந்த கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றது உனக்கு விளங்காது.

போன் சிக்னல் எங்கள் படலையோடு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தை நீ பார்க்கவேண்டும் என்றால் அவ மதிலோடு போய் வெயிலில் நிற்கவேண்டும். அதுவும் பாதி முகம்தான் தெரியும். அதனால்தான் இன்ரநெற் எடுங்கோ என்று நீ காசு அனுப்பினாய். புது விதமான கண்ணாடி வயர் பலாலி வீதியோடு நிற்கிறது, ஒழுங்கைக்குள் வர இன்னும் காலம் எடுக்கும் என்றார்கள். அப்பா எடுத்துவைத்த பழைய ரெலிபோன் லைன்தான் மிச்சம். அதிலேயே எடுக்கலாம், ஆனால் அதற்கான றவுட்டர் பெட்டியை நாங்களே வாங்கவேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணம் ரவுணில் தனியாக விற்கிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன்.

லைன் பார்க்க வந்தவர் சயந்தன் என்று ஒரு தம்பி. புத்தூர் ஆள். ரெலிபோனில் ஒரே கரகரப்பு என்று சொல்லிவிட்டு ஒழுங்கை முகப்புப் போஸ்ற்றில் ஏறினார். செம்புக் கம்பி பொருத்தில் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாய்க் கிடந்ததாம். வெட்டிப் புதிதாய் முறுக்கினார். பிறகு விறாந்தைச் சுவரில் தீப்பெட்டி அளவில் ஒன்றை அடித்து, அதிலிருந்து ஒரு வயரை ரெலிபோனுக்கும் மற்றதைப் பெட்டிக்கும் கொடுத்தார். என்னுடைய கொம்பியூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பாவனைப் பெயர், கடவுச்சொல், பிறகு எட்டு, முப்பத்தைந்து என்று இரண்டு எண்கள் அடிக்கச் சொன்னார். ஏன் எட்டு, ஏன் முப்பத்தைந்து என்று கேட்டேன். "எங்கடை நாட்டிலை அப்பிடித்தான் அக்கா, நானும் கேட்டனான், ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

பெட்டியில் ஒரு பச்சை லைற் மின்னிக்கொண்டே இருந்தது. குசினி வாசலில் நின்று பார்த்த அம்மா, அது ஏன் உப்பிடித் துடிக்குது என்று கேட்டா. மற்றப் பக்கத்தைத் தேடுது, கண்டுபிடித்தால் நிற்கும் என்று விளக்கிய சயந்தன், கிழவியைச் சந்தோசப்படுத்துவோம் என்று நினைத்தாரோ என்னவோ, "உந்த லைற் ஆடாமல் நிண்டால் மகன் வந்திட்டார் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றும் சொன்னார். லைற் நின்றது. சரியாகிவிட்டது என்று நான் உனக்குச் செய்தி போட, வேலைக்குப் போகிற வழியில் நீ எடுத்தாய். அவ உன்னை முதல்முறை அசையாமல், உடையாமல், முழு முகமாய்ப் பார்த்தா. நீ மறந்திருக்க மாட்டாய். மெலிஞ்சுபோனாய் என்று மட்டும் சொன்னா.

அன்றிலிருந்து அம்மாவின் எண்ணத்தில், அந்த லைற் நிற்கும் நேரமெல்லாம் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் எனக்கு இது பிடிபடவில்லை. கதிரையைப் பெட்டிக்கு நேரே இழுத்துப் போட்டா. காலமை முழுகி, நீ அனுப்பிய ஊதாச் சீலையைக் கட்டி, தலை இழுத்து, வந்து இருந்தா. வீட்டில் என்னை ஏசுவது நின்றுவிட்டது. மருமகள் இல்லாத வீட்டில் மகளைத்தானே ஏசவேண்டும், அதுவும் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. ஒருநாள் சட்டை மாற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. நான்தானே நிற்கிறேன், ஏன் கதவு என்று கேட்டேன். தம்பி இருக்கிறான் எல்லே என்றா. அப்போதுதான் விளங்கியது.

சொல்லிப் பார்த்தேன். வணிகக் கல்வி படிப்பிக்கிறவள், பேப்பரில் கோடு கீறி, இது வீடு, இது போஸ்ற், இது ரெலிபோன் நிலையம், லைற் என்பது இவ்வளவு தூரம் வயர் சரி என்பதற்கு மட்டும்தான், அவன் எடுத்தால்தான் அவன் தெரிவான் என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாய்க் கேட்டா. "நீ படிச்சனி, உனக்குத் தெரியும். ஆனால் லைற் நிக்கேக்கைதானே அவன் வாறான். நிக்காட்டி அவனும் இல்லைத்தானே" என்றா. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எனக்கும் சில வேளை, பள்ளிக்கூடத்தால் வந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும்போது, நீ விறாந்தையில் இருப்பது போலத்தான் ஒரு எண்ணம் வரும்.

இனிக் காலைப் பற்றி எழுதுகிறேன். செருப்பு வெட்டியது. சீனி வருத்தக்காரிக்கு அது ஆறவில்லை. பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. காலை உயர்த்தி வைத்திருக்கச் சொன்னார்கள். ஸ்ரூல் ஒன்று வாங்கிப் போட்டேன். வைக்கமாட்டா. வைத்தால் உனக்குப் புண் தெரிந்துவிடுமாம். கதிரைக்குக் கீழே, சீலைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிமிர்ந்து இருக்கிறா. வலி தாங்கமுடியாமல் போனால் குசினிக்குள் போய், தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு முனகுவா. பிறகு முகம் துடைத்து வந்து இருப்பா. நீ எடுக்கும் நேரம் அவ சிரித்த முகமாய் இருப்பது இப்படித்தான்.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், அவ குளிக்கும் நேரம் பெட்டியின் ரெலிபோன் வயரைக் கழற்றிவிட்டேன். லைற் அணைந்துபோனால் நீ இல்லை என்று நினைத்துக் காலை நீட்டிப் படுப்பா என்பது என் கணக்கு. வந்து பார்த்தா. கதிரையில் இருந்தா. சாப்பாட்டை ஒதுக்கி வைத்தா. தம்பிக்கு என்னவோ நடந்துபோச்சு, அவனுடைய நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போ என்று என்னைக் கலைத்தா. நான் பயந்து வயரைத் திரும்பக் கொழுவினேன். லைற் வரவில்லை. பதற்றத்தில் பின்பக்கத்தில் எதையோ அமத்திவிட்டேன் போல, அடித்து வைத்த எல்லாம் அழிந்திருந்தது. திரும்பவும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயர், கடவுச்சொல், எட்டு, முப்பத்தைந்து என்று ஒவ்வொன்றாய் அடித்தேன். அம்மா பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. லைற் துடித்து, நின்றது. அம்மா கதிரையில் இருந்து, தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "ஒண்டுமில்லை ராசா, கொக்காதான் எதையோ தட்டிப்போட்டாள்" என்று என்னைக் காட்டிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னா. அதற்குப் பிறகு நான் அந்த வயரைத் தொடவில்லை.

போன செவ்வாய் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் பார்த்தார். இனி மருந்தால் ஆறாது, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், பிந்தினால் மேலே ஏறும் என்றார். என்னைத் தனியே கூப்பிட்டு, இதயமும் பலவீனமாய் இருக்கிறது, மயக்க மருந்தைத் தாங்குவா என்று உறுதி சொல்லமாட்டேன், ஆனால் எடுக்காவிட்டால் தப்பமாட்டா என்பது உறுதி என்றார். இரண்டு கிழமைக்குள் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாட்டில் விடச் சொன்னார்.

அம்மா வரமாட்டேன் என்கிறா. காலை எடுக்கப் பயம் என்று நினைத்தேன். அது இல்லை. "நான் அங்கை போய்க் கிடந்தால் அவன் இஞ்சை வெறுங்கதிரையை எல்லே பாப்பான்" என்றா. பிறகு காலைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டு, "கொப்பரை எடுக்கேக்கையும் அவனுக்குப் படம் நிண்டுபோச்சு" என்றா. அப்பாவின் பிரேதத்தை வீட்டிலிருந்து எடுத்த நேரம் போனில் படம் நின்று, நீ அங்கே அலோ, அலோ என்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மா அதைப் பற்றி இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உன் அகதிப் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று எழுதியிருப்பதை நீ படம் எடுத்து அனுப்பினாய். அதற்குப் பிறகு வா என்று உன்னை நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நான் கேட்பது இதுதான்.

அம்மாவோடு கதைத்து, நீ பார்க்கமாட்டாய் என்று சொல்லவேண்டும். மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் வேலைக்கு அனுப்புகிறார்கள், அங்கே போன் எடுக்காது, கொஞ்சக் காலத்துக்கு என்னால் உங்களைப் பார்க்க முடியாது அம்மா, நீங்கள் எனக்காக இருக்கவேண்டாம், ஆறுதலாய்ப் படுங்கோ என்று சொல். உன் வாயால் வந்தால் நம்புவா. காலைப் பற்றி மூச்சும் விடாதே. அந்தச் செய்திக்குப் பிறகு, இனி உனக்குச் சொல்லமாட்டேன் என்று அம்மாவிடம் நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். நீ சொன்ன அடுத்த நாள் விடிய நான் அவவைக் கூட்டிக்கொண்டு போவேன். போனில் பொய் சொல்லும்படி தம்பியைக் கேட்கிற அக்காவாய் இருக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வேலைக்குப் போகிற வழியில் எடுக்காதே. வருகிற லீவு நாளிலேயே எடு. வெளிச்சமான இடத்தில் இரு. பிள்ளையையும் மடியில் வைத்துக்கொள், அவன் ஜேர்மன் பாசையில் கதைத்தாலும் பரவாயில்லை, அவவுக்குக் குரல் போதும். ஏதாவது கேள். றால் குழம்புக்கு எப்போது புளி விடவேண்டும் என்று கேள், உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள். அவ அப்பாவைப் பற்றித் தொடங்கினால் மறிக்காதே. அழுகை வந்தால் ரப்பில் தெரியாத பக்கம் திரும்பிக்கொள்.

பிள்ளையின் தலையில் எனக்காகவும் ஒருதரம் கை வை. நிவேதனாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

ஒன்று மட்டும் மறக்காதே தம்பி. உனக்கு வேலை கிடக்கும், நித்திரை கிடக்கும் என்று அம்மா எப்போதும் தானே முதலில் போனை வைக்கிறவ. அன்றைக்கு அவ வைக்கமாட்டா என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. அவவாய் வைக்கும்வரை நீ வைக்காதே.

உன் அக்கா,
சுபாஜினி