திரும்பி விழுந்த பெயர்

பெர்கன், நோர்வே
அக்டோபர் மாதம், ஞாயிறு

அன்புள்ள ஹுய் அக்காவுக்கு,

தங்கை ஷியாவ் எழுதுவது. உன் கடிதமும் உலர்ந்த காளானும் நனையாமல் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்ததைப் படித்து நிம்மதியானேன். அத்தானை இந்தக் குளிரில் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்க விடாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மழை பெய்கிறது, அதை இந்த ஊரில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.

நீ கேட்டிருந்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த படங்கள். இந்த நாட்டுக்கு வந்தது முதல் நான் குடியிருந்த அறைகள்தான் எல்லாமே. ஒரு கட்டில், ஒரு கிண்ணம், சன்னலோரம் ஒரு நாற்காலி. எதிலும் ஆள் கிடையாது. எங்கள் பட்டறையை நடத்தும் இங்குன், "உன் தனிமைகூட என்ன சுத்தமா இருக்கு, தினமும் தூசி தட்டி வெப்பியா?" என்று கிண்டல் செய்வாள்.

கடைசிப் படத்தில் அறைக்கதவின் மேல் என் பெயரை நம் சீன எழுத்தில் பெரிதாகச் செதுக்கியிருந்தேன். பலகையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். நோர்வே எழுத்து ஒவ்வொன்றையும் கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்புகிறவள் நான். என் பெயரை மட்டும், பள்ளியில் எழுதிய பழக்கத்தில், கை போன போக்கில் செதுக்கிவிட்டேன் போலிருக்கிறது. அச்சில் அது திரும்பி விழுந்தது. நாளெல்லாம் திரும்பிய உருவங்களையே பார்க்கும் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை, அக்கா. நம் குடும்பப் பெயர் லின், எழுத்தில் இரண்டு மரம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம்தான். மாட்டிக்கொண்டது என் பெயர் ஷியாவ், அதில் இடப்பக்கம் நிற்க வேண்டிய சூரியன் வலப்பக்கம் போய்விட்டது.

முதல் நாள் வந்தவர்களெல்லாம் அந்த எழுத்து அழகு என்று பாராட்டினார்கள். நானும் தலையாட்டினேன். அப்போது மழைக்கு ஒதுங்க உள்ளே வந்த ஓர் அம்மாள், குடையை உதறிவிட்டு, அந்தப் படத்தின் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருடி இவ? விடியல்னு பேரை வெச்சுக்கிட்டு சூரியனை அந்தப் பக்கம் தள்ளிட்டாளே!"

சொன்னது நம் ஆற்றங்கரைப் பேச்சில். எனக்கு முகம் கொதித்தது. அதே நேரம் அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. "நான்தான்" என்று சொல்ல வாயெடுத்தால் நம் பேச்சு நாக்கில் தடுக்கியது. இங்குனிடம் நோர்வே மொழியில் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். நான் படத்தைக் கழற்றக் கை நீட்டினேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுடி. இது நேரா நின்னிருந்தா, நான் பாத்துட்டு, குடைய எடுத்துட்டுப் போயிருப்பேன்."

படம் கடைசி நாள்வரை அங்கேயே தொங்கியது.

அவர்தான் பான் சித்தி. நம் ஆறு கடலில் சேரும் வென்சோவ் ஊர்க்காரர். என் தெருவுக்குப் பின்தெருவில் துணி திருத்தித் தைக்கும் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையைத் தாண்டித்தான் இத்தனை வருடமும் நடந்திருக்கிறேன். தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான். சேப்பங்கிழங்கு பிசைந்த மாவில் இறைச்சி வைத்து, நம் வீட்டில் பிடிப்பது போலவே கொழுக்கட்டை. "மரத்தைச் செதுக்குற கைக்கு ஒரு கொழுக்கட்டை ஒழுங்கா மூட வரல பாரு" என்று தினுசு தினுசாகத் திட்டு வாங்குகிறேன். வயிறு நிறைகிறது.

அந்தச் சாப்பாட்டு மேசையை இப்போது பலகையில் செதுக்குகிறேன். மாவு பிசையும் சித்தி, செய்தித்தாளுக்குப் பின்னால் தூங்கும் சித்தப்பா, மூலையில் நான். என் முகத்தை இதுவரை செதுக்கியதே இல்லை. சித்தி எட்டிப் பார்த்து, "மூக்கைச் சின்னதா வெக்காத, உங்கக்கா அடையாளம் கண்டுபிடிக்கணும்ல" என்கிறார். முதல் அச்சு உனக்குத்தான்.

எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டிருந்தாய். மாடி அறையை எனக்காகப் பூட்டியே வைத்திருக்கிறாயே, அக்கா, அதைத் திறந்துவிடு. சன்னல்களைத் தள்ளி வை. உன் மகள் அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். என் கட்டிலையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். வசந்தத்தில் நீ ஒரு முறை இங்கே வா. என் அறையில் இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். என்மேல் கோபமிருந்தால் அதோடும் வா. ஆனால் வா.

எப்போதும் உன் செல்லத் தங்கை,
லின் ஷியாவ்