தட்டில் செத்த செல்கள்

ஆனி கடைசி, செவ்வாய். குத்துக்கல்வலசையில் விடாத சாரல்.

சென்னை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மகள் பேசினாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். ஈரல் புற்றுநோய்க்கு அவள் அம்மா சாப்பிடும் மாத்திரையோடு கீழாநெல்லிச் சத்தையும் சேர்த்தால், கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்கள் கூடுதலாகச் சாகின்றனவாம்.

என் வீட்டுக்காரி உடனே, “வாய்க்கால் கரையில கெடக்கு, பறிச்சிட்டு வாங்க” என்றாள்.

மகள் பதறினாள். “வேண்டாம்மா! தட்டுலதான் செத்திருக்கு. ஒடம்புக்குள்ள மாத்திரையவே கெடுத்துட்டா?”

“பொறவு எதுக்குட்டி சொன்ன?”

“சந்தோஷத்துல சொல்லிட்டேன்.”

“சரி, மனுசருக்கு இந்த மருந்து எப்ப வரும்னு கேளுங்க” என்றாள் வீட்டுக்காரி என்னிடம். ஸ்பீக்கரை அணைத்து, போனை வாசலுக்குக் கொண்டுபோய்க் கேட்டேன். “பத்து வருஷம் ஆகலாம்ப்பா” என்று மகள் அழுதாள்.

உள்ளே வந்து, சாரலில் லைன் போய்விட்டது என்றேன்.

“நாளைக்குக் கேளுங்க” என்று சொல்லித் தூங்கிவிட்டாள்.