கைக்கும் காலுக்கும் ஒரு சாண்

இன்று காலை உன் துண்டு கிழிந்துவிட்டது. திருவள்ளூர் சந்தையில் நீ வாங்கிய சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. யானையைக் கட்டி இழுத்தாலும் கிழியாது என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். என் ஒரு காலைத் தாங்கவில்லை. மல்லாந்து படுத்து, பாதத்தில் மாட்டிக் காலைத் தூக்கினேன். பதினேழு எண்ணும்போது பர்ரென்று போய்விட்டது. படுத்தபடியே உன்னைத் திட்டினேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். அது செத்தவன் யார் என்பதைப் பொறுத்தது.

உனக்கு லாரியில் உட்கார்ந்தே பிழைப்பு. ஓட்டும்போது பாதி நாள், எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் மீதி நாள். முழங்கால் மடங்கியே கிடக்கும். இறங்கினால் நாற்காலி எழுந்து நடப்பதுபோல வருவாய். செக்போஸ்ட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தேன்; கல்கத்தா ரோட்டில் என் கை படாத டயரே கிடையாது, ஆனால் உன் காலை ஒருநாளும் கவனிக்கவில்லை.

உன் கல்யாணத்தில்தான் தெரிந்தது. பள்ளிப்பட்டில் பந்தல் நிறைய ஜனம். பெண் தன் அப்பா காலைத் தொட்டு எழுந்துவிட்டாள். நீ பாதி குனிந்து நின்றுவிட்டாய். கைக்கும் காலுக்கும் ஒரு சாண்.

“இன்னா மாப்ளே, என் காலு அவ்ளோ தூரத்துலயா கீது?” என்றார் உன் மாமனார்.

‘வலிக்குது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னாயா? பல்லைக் காட்டினாய். தலை தீபாவளிக்கும் அதே ஒரு சாண். “குனியத் தெரியாதவன் ஊட்ல என் பொண்ணுக்கு இன்னா வேலை? காலத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கினு கூட்டிக்கினு போ” என்று மகளை நிறுத்திக்கொண்டார். நீ தனியாக என் கடைக்கு வந்து நின்றாய்.

“முட்டி போட்டுத் தொடேன்டா” என்றேன்.

“முட்டி போட்டா மன்னிப்பு கேக்கற மாதிரி, வாத்யாரே. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

ஏழாவது வரை படித்தவன் நான் சும்மா இருப்பேனா? “நரம்பு சுருங்கிக்கிச்சு. இழுத்தா நீண்டுரும்” என்றேன். டியூபுக்கும் உனக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உன் முதுகில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். “இன்னும் குனி, இன்னும் குனி.” உன் தொடைக்குள் பட்டென்று ஒரு சத்தம். நீ கத்தவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் பின்தொடை முழுக்க நீலம்.

வரிசையில் லாரியோடு நின்ற பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி பாய் வந்து பார்த்தார். வயசில் குஸ்தி பிடித்தவர். “யாருப்பா இத இழுத்தது?”

“ஏறும்போது வழுக்கிட்டேன், பாய்” என்றாய் நீ. நான் டயர் லீவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

“இது நரம்பு இல்லப்பா, சதை” என்றார் பாய். “உட்கார்ற எலும்புலேர்ந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் போவுது. அதட்டுனா இன்னும் இறுகும். மொதல்ல ஆறட்டும். அப்புறம் கொஞ்சம் நடந்து சூடு ஏத்து. படுத்துக்கினு பாதத்துல துண்டு போட்டுத் தூக்கு. முட்டி லேசா மடங்கட்டும். வலி வர்றதுக்கு முன்ன நிறுத்தி, மூச்ச உட்டுக்கினே முப்பது எண்ணு.”

நீலம் மறையும்வரை காத்திருந்தோம். பிறகு கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து நீ படுப்பாய், நான் எண்ணுவேன். பொங்கலுக்குப் பள்ளிப்பட்டு போனோம். நின்று, குனிந்து, தொட்டாய்.

“தூரம் கொறஞ்சிட்டுதா, மாப்ளே?”

“நடந்து வந்தேன், மாமா.”

அன்றைக்கு ஊரே கைதட்டியது என்று சொல்வேன். வீட்டில் இருந்ததே நாலு பேர். உன் காலைச் சரிசெய்தவன் நான்தான் என்றும் சொல்வேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபிறகு, ஷிப்டு முடிந்து தொடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடமெல்லாம் அதே கதை. நீ பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு, “ஆமாமா, வாத்யாரு கை பட்டுது, சரியாப் போச்சு” என்பாய். ‘இவன்தான்டா கிழிச்சான்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், நானும் ‘ஆமா, என் தப்புதான்’ என்று சொல்லித் தொலைத்திருப்பேன். அதற்கு வழி விடாமல் போய்ச் சேர்ந்தாய். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலைத் தொடக் குனிந்தேன். வயசாகி என் தொடையும் இறுகிப்போனதில், கை பாதியில் நின்றுவிட்டது. அதே ஒரு சாண். பின்னால் யாரோ, “இந்த வயசுலயும் திமிரப் பாரு” என்றார்கள்.

உன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “அவர உடுங்க. மெதுவாத்தான் குனிவாரு. அவர் கையால ஆன காலு அது, எனக்குத் தெரியும்.”

எதைத் தெரியும் என்றாள் என்று நான் கேட்கவில்லை. முட்டியை லேசாக மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எண்ணினேன். முப்பதில் உன் பாதம் கிடைத்தது. “தப்புதான்டா” என்றேன். உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பதினாறாம் நாள் அவள்தான் இந்தத் துண்டைக் கையில் கொடுத்தாள். இன்று கிழிந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். மறுபடி பாதத்தில் மாட்டி, பதினெட்டிலிருந்து எண்ணினேன்.