வாலில் கட்டிய சிவப்பு ரிப்பன்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய மேடம்,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். ஆட்டம் நின்றால் வாண்டு விழித்துவிடுவான், அவன் விழித்தால் வீடே விழித்துவிடும்.

போன ஞாயிறு நடந்த நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்கு முதல் தடவையாக வந்தவள் நான். சாம்பல் நிறப் பெண்குதிரை, மூக்கு மட்டும் வெள்ளை. மூக்கி என்று கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பவள். 'புதியவர்கள் தயங்காமல் வரலாம், சந்தேகமிருந்தால் எழுதலாம்' என்று உங்கள் அழைப்பில் போட்டிருந்தது. சந்தேகம் ஒன்றுதான். நான் என்ன தப்பு செய்தேன்?

குதிரைகளைக் கட்டும் இடத்தில் என் பக்கத்தில் யாருமே கட்டவில்லை. ஒரு அம்மா, "அந்தப் பக்கம் போகாதேடி!" என்று தன் பெண்ணை இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டியில் "நீங்க மொதல்ல காட்டுங்க" என்று எல்லாரும் விலகினார்கள். மரியாதை என்று நினைத்தேன். பாதையில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். நான் மெதுவாகப் போனால் அவர்கள் அதைவிட மெதுவாக வந்தார்கள்.

நடுவில் கட்டாய ஓய்வு. நாடித்துடிப்பு இறங்கினால்தான் டாக்டர் குதிரையை அடுத்த சுற்றுக்கு விடுவார். மூக்கிக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. எனக்குத்தான் இறங்கவில்லை. அங்கேயே விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஒரு தடவை போய்ட்டு வா. ஒத்துவந்தா பாக்கலாம், இல்லேன்னா குதிரையை வித்துடலாம்" என்று சொல்லித்தான் இவர் அனுப்பியிருந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன். "அங்க யாருக்கும் நான் வேண்டாம், வித்துடுங்க" என்று நானே வாயை விட்டுவிட்டேன். இவர் ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
மூக்கியின் சொந்தக்காரி

பிப்ரவரி 13

அன்புத் தங்கச்சிக்கு,

மேடமெல்லாம் வேண்டாம், அக்கா என்றே எழுது. உன் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரரிடம் வாசித்தேன். "சாம்பல் குதிரையா? வால்ல செவப்பு ரிப்பன் கட்டியிருந்துச்சே, அதுவா?" என்றார்.

கட்டியிருந்தாயா?

எங்கள் பழக்கத்தில் வாலில் சிவப்பு ரிப்பன் என்றால் 'இது உதைக்கும், கிட்டே வராதே' என்று அர்த்தம். புதிதாக வருகிற குதிரைக்குப் பச்சை. பச்சையைப் பார்த்துவிட்டால் ஆளாளுக்கு வந்து பேசியே உன்னைக் கொன்றிருப்போம். உன்னை யாரும் ஒதுக்கவில்லையம்மா. உன் குதிரையின் பின்னங்காலுக்குப் பயந்தார்கள், அவ்வளவுதான்!

தப்பு என்னுடையது. புதியவர்களை வாசலில் பார்த்து, இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து, பழகின ஆள் ஒருவரைத் துணைக்கு அனுப்புவது என் வேலை. அன்று என் குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது. லாடம் அடிப்பவரைத் தேடிப் போய்விட்டேன்.

அடுத்த சவாரி மார்ச் கடைசியில். உன் துணைக்கு நானே வருகிறேன். மூக்கி நடந்தால் நானும் நடப்பேன். முதலில் வருவதல்ல, குதிரையை நோகாமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் எங்களுக்குப் பெரிது. வாண்டையும் தூக்கிக்கொண்டு வா. எங்கள் வீட்டுக்காரர் பேச்சில் மட்டம், பிள்ளை தூக்குவதில் கெட்டிக்காரர்.

பச்சை ரிப்பன் இதோடு வைத்திருக்கிறேன். விற்றுவிடாதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

மறுபடியும் நேரம்கெட்ட நேரம்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது நான் கல்லூரியில் தலைக்குக் கட்டின ரிப்பன். முதல் நாளாயிற்றே, மூக்கி லட்சணமாகப் போகட்டும் என்று இஸ்திரி போட்டுக் கட்டினேன்!

இவரிடமும் காட்டினேன். "யாரும் உன்னை வேண்டாங்கலையே, சந்தோஷம். ஆனா வாக்குக் குடுத்தாச்சேம்மா. நீதானே வித்துடச் சொன்ன?" என்றார்.

சொன்னேன்தான். அழுகையில் சொன்னதை இவர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். இவர் கத்தினால் நானும் கத்தலாம். இவர் கத்தமாட்டார், பாலை ஆற்றிக் கையில் கொடுத்து, "தூங்கு" என்பார். இவ்வளவு நல்லவரிடமிருந்து எந்தப் பக்கம் ஓடுவது அக்கா? சமையலறை, படுக்கையறை, ஈரத்துணி தொங்கும் பால்கனி. நான் போகிற தூரம் இப்போது அவ்வளவுதான். அதிலும் வாண்டு என் பின்னலைக் கடிவாளம் மாதிரி பிடித்திருக்கிறான்.

நேற்று மூக்கி போய்விட்டாள். வாங்கியது இப்போதுதான் படிப்பு முடித்த ஒரு பெண். வண்டியில் ஏற்றுமுன் உங்கள் பச்சை ரிப்பனை மூக்கியின் வாலில் கட்டினேன்.

"இது எதுக்குக்கா?"

"மார்ச் சவாரிக்குப் போகும்போது அவுக்காதே. எல்லாரும் வந்து பேசுவாங்க."

"அங்க எனக்கு யாரையும் தெரியாதே..."

ரிப்பன் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன். மூக்கி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டிக்குள் இருந்த புல்லைப் பார்த்து ஏறிவிட்டாள். அவள் புத்திசாலி.

அந்தப் பெண் வருவாள் அக்கா. அன்றைக்கும் உங்கள் குதிரைக்கு லாடம் கழன்றால்? வாசலில் நான் நிற்கட்டுமா? வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிற குதிரைகளின் வாலைப் பார்ப்பதற்குக் குதிரை வேண்டாமே. இவரிடம் இன்னும் கேட்கவில்லை. நானாகக் கேட்டால் பால் ஆற்றித் தருவார். நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று சொன்னால் இவர் காதில் விழுகிற விதமே வேறு.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி