சேற்றில் புதைந்த வள்ளம்

செவ்வாய்க்கிழமை, அனலைதீவு

உள்ளங்கை எரிகிறது, ஆனாலும் எழுதாமல் படுக்க மனமில்லை.

பக்கத்து வீட்டு மேரி அக்காவின் வள்ளம் மூன்று நாளாகக் கரையோரச் சேற்றில் புதைந்து கிடந்தது. காற்று எழும்பினால் அலை உடைத்துவிடும். ஆறு ஆண்கள் இழுத்தும் அசையவில்லை. பௌதிகம் படிப்பிக்கும் நான் இன்று பின்னேரம் துணிந்து கேட்டேன்.

"அக்கா, நாங்கள் ரண்டு பேரும் ஒருக்கா இழுத்துப் பாப்பமே?"

வள்ளத்துக்கும் கரைப் பனைக்கும் இடையில் கயிற்றை விறைப்பாகக் கட்டி, அதன் நடுவைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தோம்.

"என்ன ரீச்சர், வள்ளம் அங்க கிடக்க இஞ்சாலை இழுக்கிறியள்?"

"விறைச்ச கயிறை நடுவில கொஞ்சம் இழுத்தாலே முனையில பெரிய விசை வரும், அக்கா."

வள்ளம் ஒரு சாண் நகர்ந்தது. தளர்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டி மறுபடி மறுபடி இழுத்தோம். இருட்டுவதற்குள் வள்ளம் காய்ந்த மணலுக்கு ஏறிவிட்டது. மேரி அக்கா அதன் விளிம்பைத் தடவியபடி அழுதாள். இத்தனை வருடம் விசையைக் காட்டக் கரும்பலகையில் கீறிய அம்புக்குறிகள் உண்மைதான்.